ஹாலர் பூங்கா

ஹாலர் பூங்கா கென்யாவின் மொம்பாசா நகரை அடுத்த பம்புரியில் உள்ள ஓர் இயற்கைப் பூங்கா. சிமெண்ட் தயாரிப்பதற்காகப் பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்ட குவாரியில் இது உருவாக்கப்பட்டது. சுரங்கத்தால் பாழான நிலத்தை உயிருள்ள நிலமாக மாற்றியதற்கு அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

பம்புரி சிமெண்ட் ஆலை 1954-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கல்லை வெட்டி எடுத்தபின் எஞ்சியது வெறும் பாறைத் தளம். நிழல் இல்லை, நிலத்தடி நீரும் உப்புக் கலந்தது. பொதுவாகச் சுரங்கம் தோண்டும் முன்பே மேல்மண்ணை வழித்துக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புவார்கள். அதிலுள்ள விதைகளும் நுண்ணுயிர்களும் பாதி வேலையைச் செய்துவிடும். பம்புரியில் பரப்புவதற்கு மண்ணே இல்லை.

ஆலையில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து வேளாண் வல்லுநர் ரெனே ஹாலர் 1971-இல் 26 வகை மரங்களை நட்டுச் சோதித்தார். மூன்று மட்டுமே பிழைத்தன. அவற்றுள் ஒன்று, தமிழகக் கடற்கரையில் விறகுக்கும் சாரத்துக்கும் வளர்க்கப்படும் அதே சவுக்கு. உப்பு நீரைத் தாங்கும் இம்மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துவதால், சத்தற்ற இடத்திலும் இது வேகமாக வளரும்.

குவாரி பசுமையாயிற்று, ஆனால் மண் உண்டாகவில்லை. சவுக்கந்தோப்பில் நடந்தவர்களுக்குக் காரணம் எளிதில் புரியும்: உதிர்ந்த ஊசிகள் மக்காமல் மெத்தைபோல் கிடக்கும். அவற்றில் மிகுந்துள்ள டானின் பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. செந்நிறக் கால்களுடைய மரவட்டை ஒன்று இந்த ஊசிகளைத் தின்பதை ஹாலர் கவனித்தார். நம் ஊரில் ரயில் பூச்சி என்று குழந்தைகள் தொட்டு விளையாடும் பூச்சியின் உறவுதான் அது. நூற்றுக்கணக்கான மரவட்டைகள் குவாரிக்குள் விடப்பட்டன. அவை அரைத்து வெளியேற்றிய எச்சத்தில் பாக்டீரியாக்கள் பெருகி, பாறைமேல் மட்கு படியத் தொடங்கியது. சவுக்குகள் பட்டுப்போன இடைவெளிகளில் உள்நாட்டு மரங்கள் நடப்பட்டன. மரம் நட்ட எண்ணிக்கையை வைத்து மீட்புப் பணியை அளப்பவர்கள் தவறவிடுவது இந்த மக்கும் வேலையைத்தான்.

பின்னர் மீன் குளங்களும் விலங்குகளும் வந்தன. 1984-இல் பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். 2004 ஆழிப்பேரலையின்போது தனித்துவிடப்பட்ட ஓவன் என்ற நீர்யானைக் குட்டி இங்கே கொண்டுவரப்பட்டு, ம்சே என்ற முதிய ஆமையோடு ஒட்டிக்கொண்டது உலகச் செய்தியாயிற்று. அந்த ஆமை இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவு இனம். கென்யக் கரைக்கு உரியதன்று. அதுபோலவே, வெட்டி எடுக்கப்பட்ட பவளப்பாறையும் அதன்மேல் வளர்ந்திருந்த தாவரக் கூட்டமும் அப்படியே திரும்பிவிடவில்லை. எனவே, பழைய சூழலை மீட்டமைத்தல் என்பதைவிட, நிலத்துக்கு மறுவாழ்வு அளித்தல் என்ற சொல்லே இப்பூங்காவுக்குப் பொருந்தும்.