26-வது கிளப்பில் கின்னஸ்... யார் இந்த ‘எல் லோகோ’ அப்ரேவ்?

ரெஸ்யூமில் 26 கம்பெனி இருந்தா ஹெச்.ஆர் என்ன சொல்வார்? உருகுவே ஸ்ட்ரைக்கர் செபாஸ்டியன் அப்ரேவுக்கு அதுக்குத்தான் கின்னஸ் சாதனையே கிடைச்சது. 2017-ல் அவர் சேர்ந்த சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோ, அவருக்கு 26-வது கிளப்.

ஏன் இத்தனை மாற்றம்? 1998-ல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. ஆனால், அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் ஸ்பெயினில், ஆட்டம் பிரேசில், மெக்ஸிகோ, அர்ஜென்டினாவில் என ‘லோன்’ முறையில் சுற்றினார். பிறகு இஸ்ரேல், கிரீஸ், எல் சால்வடார் எனப் பட்டியல் நீண்டது.

நாடோடிதானேன்னு தேசிய அணி ஒதுக்கவில்லை. 2010 உலகக்கோப்பை காலிறுதியில் கானாவுக்கு எதிரான ஷூட்-அவுட்டில், ஐந்தாவது பெனால்ட்டி அவருக்கு. கோல் போட்டால் அரையிறுதி. பந்தை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார், உருகுவே உள்ளே!

2021-ல், 44 வயதில் ஓய்வு. தொடங்கியது மான்டிவிடியோ கிளப்பில்; முடித்ததும் அதே ஊர் கிளப்பில்தான்.