மருந்து விற்பவரிடமே நோயைக் கேட்கிறோம்

மல்லாட்டை (நிலக்கடலை) இலையில் பழுப்புப் புள்ளி விழுந்தால் திண்டிவனம் பக்கத்து விவசாயி இரண்டு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போகிறார். கடையில் கூட்டம். இலையை ஒரு பார்வை பார்த்ததும் மூன்று சரக்கு மேசைக்கு வருகிறது: ஒரு பூஞ்சணக்கொல்லி, ஒரு பூச்சிமருந்து, கூடவே ஒரு டானிக். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் புள்ளி டிக்கா நோயாக இருந்தால் அது பூஞ்சணத்தால் வருவது. பூச்சிமருந்துக்கு அங்கே வேலையே இல்லை. புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகள் சாவதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பது இதே திண்டிவனத்தில். 1940இல் இங்கிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 மல்லாட்டை ரகத்தை ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறை விதைத்தார்கள். வேளாண் அறிவியல் நிலையமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கியது பக்கத்துப் புதுச்சேரியில்தான். விவரம் தெரிந்தவர்கள் இவ்வளவு அருகில் இருக்கும் விவசாயிகள் இந்தியாவில் குறைவு.

ஆனாலும் கால் கடைக்குத்தான் போகிறது. 2003இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், நவீன சாகுபடித் தகவல் ஏதாவது ஒரு வழியில் கிடைக்கிறது என்று சொன்ன விவசாயக் குடும்பங்கள் நூற்றுக்கு 40தான். சக விவசாயியிடம் கேட்டவை ஏறக்குறைய 17, கடைக்காரரிடம் கேட்டவை 13. விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவை 6கூட இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் நின்று பார்த்தால் அந்த வரிசை இன்னும் மாறியதாகத் தோன்றவில்லை.

என்னை உறுத்துவது, விற்க முடியாத யோசனை விவசாயியின் காதுக்கு வராமலே போவது. ஜிப்சத்தை எடுத்துக்கொள்வோம். இறவை மல்லாட்டைக்கு 40, 45ஆம் நாளில் களை வெட்டி மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போட வேண்டும். விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கையில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் அதிலிருந்து கிடைக்கும். பொக்கு குறையும், பருப்பு திரளும். மூட்டை கனம், லாபம் சொற்பம். எந்தக் கடையாவது அதை வலியச் சொல்லுமா? சிவப்புக் கம்பளிப்புழுவுக்குக் கோடை உழவு போட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும். மழை பெய்த இரவுகளில் விளக்குப்பொறி வைத்தால் அந்துப்பூச்சி விழும். இந்த யோசனைகளுக்குப் பாட்டில் கிடையாது, அதனால் விளம்பரமும் கிடையாது.

கடன் இன்னொரு முடிச்சு. விதையும் உரமும் அறுவடைக்குக் காசு என்ற கணக்கில் வாங்கியவர், கடைக்காரர் நீட்டும் டானிக்கை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? கேட்டதற்குப் பதில், கையோடு சரக்கு, பிறகு பணம். அரசு ஊழியரால் இந்த மூன்றையும் சேர்த்துத் தர முடியாது. கடைக்காரர்களுக்கென்று ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது, மனசாட்சியோடு சொல்பவர்களும் உண்டு என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆனால் சொன்னதற்கு எழுத்து எங்கே? இதுதான் என் பெரிய கவலை. ஒவ்வொரு பூச்சிமருந்தும் இன்ன பயிருக்கு, இன்ன பூச்சிக்கு, இன்ன அளவு என்றுதான் பதிவாகிறது. அட்டைக்குள் இருக்கும் துண்டுத்தாளில் அது அச்சாகியும் இருக்கிறது. எழுத்துப் பொடிசு, யாரும் பிரிப்பதில்லை. வாய்ச் சொல்லை நம்பி நாலு மருந்தைக் கலந்து அடித்துப் பயிர் கருகினால், யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியே இல்லை. வாங்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பில் கேட்க வேண்டும். நோயின் பெயர், ஒரு டேங்குக்கு எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்ற மூன்றையும் அந்தப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்கும் கடையில் மருந்து வாங்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம். கிஸான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற இலவச எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். நேரில் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒற்றை இலையோடு போகக் கூடாது. நோய் கண்ட செடி இரண்டு, நல்ல செடி ஒன்று, வேரோடும் மண்ணோடும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது அடித்திருந்தால் அந்தக் காலிப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.