ஒரு மணி நேரத்துக்கு 8,500 டாலர்

இசிஇ மாணவர்களுக்கு முதல்ல ஒரு கேள்வி. ஒரு எஃப்எம் ஒலிபரப்பை யாரும் கேட்கவிடாமல் தடுக்க என்ன செய்யணும்? அதே அலைவரிசையில் அதைவிட பலமான சிக்னலை அனுப்பினால் போதும். ரிசீவர் பலமானதைத்தான் பிடிச்சுக்கும். கேப்சர் எஃபெக்ட்னு வைவாவுக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க.

1994-ல் ருவாண்டாவில் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. ஆர்டிஎல்எம் என்றொரு வானொலி. நல்ல பாட்டு போடும், அரட்டை அடிக்கும், நடுநடுவே டுட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சி என்று சொல்லும். ஏப்ரல் 6-ல் ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அறிவிக்க ஆரம்பித்தது. ரோட்டை மறித்துக் கத்தியோடு நின்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே அடையாள அட்டையைச் சோதித்தார்கள். அட்டையிலேயே இனம் எழுதியிருக்கும். 1930-களில் பெல்ஜிய ஆட்சி கொண்டுவந்த ஏற்பாடு.

இந்த வானொலியை ஜாம் செய்யலாமா என்று அமெரிக்க அரசுக்குள் பேச்சு வந்தது. விமானத்திலிருந்து செய்தால் மணிக்குச் சுமார் 8,500 டாலர் ஆகும், பெரிசா பலனும் இருக்காது, சட்டச் சிக்கல் வேறு என்று மே மாதம் பென்டகன் குறிப்பு எழுதியது. அதோடு விட்டுவிட்டார்கள். ஜாம் பண்ணியிருந்தா எல்லாம் நின்னிருக்குமா? நின்றிருக்காது. ஆனால் சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் செத்த இடத்தில் அந்தக் கணக்கைப் படிக்கும்போது என்னவோ செய்கிறது.

சரி, ஐ.நா. எங்கே போச்சு? அங்கேயேதான் இருந்தது, சுமார் 2,500 வீரர்களோடு. தளபதி கனடாவின் ரோமியோ டலேர் ஜனவரி 11-ஆம் தேதியே நியூயார்க்குக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்: ஆயுதம் பதுக்குகிறார்கள், டுட்சிகளின் பட்டியல் தயாராகிறது, 20 நிமிடத்தில் 1,000 பேரைக் கொல்ல முடியும் என்று உள்ளிருந்தே ஒருவர் சொல்கிறார், நான் சோதனை போடப்போகிறேன். வந்த பதில்: வேண்டாம், அது உங்கள் அதிகாரத்துக்குள் வராது, ஜனாதிபதியிடம் சொல்லுங்கள். பதுக்கியதே அவர் கட்சியின் இளைஞர் படைதான்!

பெல்ஜிய வீரர்கள் 10 பேர் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் மூட்டை கட்டியது. கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சுமார் 2,000 பேர் அவர்களை நம்பித் தங்கியிருந்தார்கள். ஏப்ரல் 11-ல் படை வண்டியேறியது. அன்றைக்கே அந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து, மொத்தப் படையையும் 270 பேராகக் குறைக்க பாதுகாப்பு சபை முடிவெடுத்தது. அந்த ஆண்டு ருவாண்டா அரசும் அதே சபையில் உறுப்பினர் என்பது தெரியுமா?

இனப்படுகொலையைத் தடுப்போம் என்று 1948-லேயே உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டாச்சு. அதனால்தான் அமெரிக்க அதிகாரிகள் அந்த வார்த்தையைச் சொல்லவே பயந்தார்கள். சொன்னால் ஏதாவது செய்யணுமே! 'இனப்படுகொலைச் செயல்கள்' என்று சுற்றி வளைத்தார்கள்.

2005-ல் 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கொள்கையை ஐ.நா. ஏற்றது. சொந்த மக்களை ஒரு அரசு காக்காவிட்டால் அந்தப் பொறுப்பு உலகத்துடையது. ஆனால் படை அனுப்ப பாதுகாப்பு சபையின் அனுமதி வேணும், அங்கே ஐந்து பேர் கையில் வீட்டோ. 2009-ல் வன்னியில் தான் தவறிவிட்டதாக ஐ.நா.வின் சொந்த அறிக்கையே 2012-ல் ஒப்புக்கொண்டது.

ஆர்டிஎல்எம் நிறுவனர்களுக்கு 2003-ல் சர்வதேச நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. இப்போ ரேடியோவின் இடத்தில் ஃபோன். மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பரவியதை 2018-ல் ஐ.நா. விசாரணைக் குழு பதிவு செய்தது. 2015 தொடக்கத்தில் புகார் வந்த பதிவுகளைப் படித்துப் பார்க்க, பர்மிய மொழி தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்தான் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது.