சும்மா ஒரு ரவுண்டு

காலை எட்டரை மணிக்குப் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ கடைத்தெருவில் நின்றால், பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டிகளை எண்ணி மாளாது. பாரதிதாசன் மகளிர் கல்லூரிக்கு ஒருத்தி, சேதராப்பட்டு கம்பெனிக்கு ஒருத்தி, கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஒருத்தி. கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிய துப்பட்டா, முழங்கை வரை கிளவுஸ். வெயிலுக்காக என்பார்கள். பாதி உண்மை. மீதி, “உம் பொண்ண அங்க பாத்தேனே” என்று வீட்டுக்கே வந்து சொல்லும் மாமாக்களுக்காக.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் சிகானா பெண்களுக்கு, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்களுக்கு, கணக்கே வேறு. பழைய செவர்லே இம்பாலாவைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ரோஜாவும் குவாதலூப்பே மாதாவும் வரைந்து, ஊரே பார்க்க ஊர்ந்து போவார்கள். லோரைடர் என்று பெயர். வண்டி தாழக்கூடாது என்று 1950களின் கடைசியில் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. பையன்கள் சும்மா இருப்பார்களா? விமானத்து ஹைட்ராலிக்ஸைக் கழற்றி வந்து மாட்டினார்கள். போலீசைக் கண்டால் வண்டி எழும்பிக்கொள்ளும். ஆனால் 1977இல் தொடங்கிய ‘லோரைடர்’ பத்திரிகையில் பெண்கள் பெரும்பாலும் காருக்குப் பக்கத்தில் நீச்சலுடையில் நின்ற அலங்காரம்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவும், தங்களுக்கென கிளப் வைக்கவும் அவர்கள் சொந்த வீட்டு ஆண்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மெல்லிய புருவம், அடர்ந்த உதட்டுக்கோடு, பெரிய வளையக் காதணி எல்லாம் அந்தச் சண்டையின் உடுப்பு. இப்படிக் காரில் ஊர்ந்து சுற்றத் தடை போடும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களிடமிருந்து மாநிலம் பிடுங்கியது 2024 ஜனவரியில்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய கதை புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கம். பதினெட்டே மாதத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை என எல்லாம் தேவைக்கான சவாரி. யாரும் மறுக்க முடியாத காரணம் இருந்தது, ஊர் வழிவிட்டது.

இன்றும் காரணம் சொன்னால்தான் சாவி. பையன் பைக்கை எடுத்தால் “சும்மா ஒரு ரவுண்டு” என்பது முழுப் பதில். பெண் எடுத்தால் ஜெராக்ஸ் கடை, டியூஷன், மெடிக்கல் ஷாப் என்று ஏதாவது வேண்டும். பாகூர் ஏரிக்கரையில் காற்று வாங்கப் போகிறேன் என்று எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போக முடியும்?

வண்டியின் அலங்காரத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். பையன் பைக்கில் நடிகர், ஜாதி, காதலி பெயரின் முதல் எழுத்து. தங்கை ஸ்கூட்டியில் பெரும்பாலும் ‘அப்பாவின் பரிசு’. தவணையை அவளே கட்டினாலும் அந்த ஸ்டிக்கர்தான். கட்டி முடித்தபின் அதை உரித்துத் தன் பெயரை ஒட்டும் பெண்களையும் இப்போது பார்க்கிறோம். ஸ்டிக்கர் கடைக்காரர்களுக்கு அது இன்னொரு ஆர்டர். வீட்டில் மட்டும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது.