தொண்டிக் கரையில் தூண்டில்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியே போனால் தொண்டியில் கடல் வந்துவிடும். மீமிசல், கோட்டைப்பட்டினம், தேவிபட்டினம் எல்லாம் இதே பாக் விரிகுடாவின் கரையில் உள்ள ஊர்கள்தான். கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகிய செட்டிநாட்டுக்காரர் கடல்மீன் பிடிக்கக் கற்க இவை தோதான இடங்கள்.

விரிகுடா ஆழமற்றது, பெரும்பகுதியில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போவதில்லை. அடியில் சேறு, மணல், பரந்த கடற்புல் படுகைகள். ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைக்கக் கூடாது. ஆழமற்ற நீரில் காற்று வலுத்தால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு வள்ளத்தைக் கவிழ்க்க அது போதும்.

ஆகவே தூண்டிலுக்கு முன் காற்றைப் படிக்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று கரையை நோக்கி அடிக்கும். நீர் கலங்கும், பாசி தூண்டில் நரம்பில் சுற்றும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் ஊருணி போலக் கிடக்கும். புதியவரை ஏமாற்றுவது இந்த அமைதிதான். இயந்திரம் நின்றுபோன படகை அதே காற்று நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்த்த பிறகும், கரையில் வலை பிரிக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. படகில் போவோர் உயிர்காப்பு உடுப்பு அணிந்து, கடலோரக் காவல்படையின் 1554 என்ற அவசர எண்ணையும் கைபேசியில் வைத்திருக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கட்டையில் சுற்றிய நரம்பு, ஈயக்குண்டு, சிறிய முள், இரைக்குக் கொஞ்சம் இறால் இருந்தால் கைத்தூண்டில் தயார். மணல் தரையில் கிடைக்கும் கிழங்கான் முதல் மீனாக அமைய ஏற்றது. அதற்கு வாய் சிறியது. பெரிய முள்ளில் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். இறாலைத் தோலுரித்து, விரல் நகமளவு துண்டாக்கி, முள்ளின் நுனி மட்டும் தெரியும்படி கோக்க வேண்டும். நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் தொங்கவிட்டால் மீன் கொத்துவது விரலுக்குத் தெரியும். அந்த நொடியில் வெடுக்கென்று இழுக்காமல், நரம்பு இறுகும்வரை நிதானித்து உயர்த்தினால் முள் பதியும். இந்த நிதானம் கைவரத்தான் நாளாகும்.

பிடித்த மீனை வெறுங்கையால் பற்றுவது அடுத்த ஆபத்து. கெளிறுக்கு முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் முள் உண்டு. ஓராவின் முதுகு, வயிற்று முட்களிலும் திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்துப்பட்டால் அந்த இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். ஊதி உப்பும் பேத்தையைக் கடலிலேயே விட்டுவிடுவதே சரி, அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கடற்குதிரை, கடல் அட்டை இரண்டையும் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடல் பகுதியை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியுள்ளது. அங்கே விரித்திருக்கும் நண்டு வலைகள் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் அவற்றின் மிதவைகளிலிருந்து ஒதுங்கிப் போவதுதான் முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். கரையில் தூண்டில் போட அது தடையில்லை.

வீடு திரும்பியதும், ராடும் ரீலும் வைத்திருப்பவர் அவற்றை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் உப்பு உள்ளே ஏறி இரும்பை அரிக்கும். கடல்நீர் பட்ட முள்ளை மற்ற முட்களோடு சேர்த்துப் போட்டால் பெட்டி முழுதும் துருவேறும். மீனைக் குடல் நீக்கி, ஐஸ் ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு என்று வைத்து, உருகும் நீர் வடிய வழிவிட்டால், தொண்டியில் பிடித்தது காரைக்குடி அடுப்பங்கரைக்குக் கெடாமல் வந்து சேரும்.