பணியோடு படிப்பு: விநியோகச் சங்கிலித் தலைமைத்துவக் கல்வியை எவ்வாறு நோக்குவது?

கடைத் தட்டில் ஒரு பொருள் இருக்கும்வரை அது எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. அது இல்லாமற்போகும் போதே அக்கேள்வி எழுகின்றது. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் யாழ். குடாநாட்டு மக்கள் கப்பலின் வருகையை எதிர்பார்த்து நாட்களை எண்ணினர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருள், எரிவாயு, பால்மா, மருந்து ஆகியவற்றுக்காக முழு நாடும் வரிசையில் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதைகளையும் துண்டித்தபோது, தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள தொடர்பு எத்துணை மெல்லியது என்பதை நாம் மீண்டும் ஒருமுறை கண்டோம்.

மூலப்பொருள் தொடக்கம் நுகர்வோரின் கை வரையிலான இத்தொடர்பையே விநியோகச் சங்கிலி என்கின்றனர். கொள்வனவு, களஞ்சியப்படுத்தல், உற்பத்தித் திட்டமிடல், போக்குவரத்து, சுங்க நடைமுறை, விநியோகம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். இத்துறையில் பணிபுரிந்துகொண்டே பகுதிநேரமாகப் பட்டப்பின் கல்வியைத் தொடரும் வாய்ப்புகள் அண்மைக் காலமாகப் பெருகியுள்ளன. இக்கல்வி யாருக்கு உரியது, எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கோருகின்றது என்பன குறித்து எமது வாசகர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகின்றோம்.

இலங்கைக்கு இத்துறை புதியதன்று. கொழும்புத் துறைமுகம் 2018ஆம் ஆண்டில் முதற்தடவையாக 70 இலட்சம் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அவற்றுள் மிகப் பெரும்பகுதி வேறு நாடுகளுக்குச் செல்லும் வழியில் இங்கு கப்பல் மாற்றப்படுபவையாகும். ஆடைத் தொழிற்சாலைகள், தேயிலை ஏற்றுமதி நிறுவனங்கள், மருந்து இறக்குமதியாளர்கள், நெல் ஆலைகள், புறக்கோட்டை மொத்த வியாபார நிலையங்கள் ஆகிய அனைத்திலும் தமிழ், முஸ்லிம் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கடமையாற்றுகின்றனர். களஞ்சியப் பொறுப்பாளராகவோ, கொள்வனவு உத்தியோகத்தராகவோ, கப்பற் போக்குவரத்து எழுதுவினைஞராகவோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் திறமையாகப் பணியாற்றிய ஒருவர், முகாமையாளர் பதவியின் வாயிலில் தடைப்பட்டு நிற்பதை நாம் காண்கின்றோம். அவரிடம் அனுபவம் உண்டு. அவ்வனுபவத்தை இலக்கங்களாலும் நியாயங்களாலும் மேலிடத்துக்கு எடுத்துரைக்கும் பயிற்சியே பெரும்பாலும் இல்லை. பகுதிநேரக் கல்வி உண்மையிற் பயன்படுவது இத்தகையோருக்கே.

வகுப்பறையில் எதனைக் கற்பிக்கின்றனர் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1960களில் உருவாக்கப்பட்ட ஒரு விளையாட்டு இன்றும் உலகெங்கும் இப்பாடநெறிகளில் ஆடப்படுகின்றது. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நால்வர் அமர்வர். ஒருவருடன் ஒருவர் பேசலாகாது; கட்டளைச் சீட்டு மாத்திரமே அனுப்பலாம். நுகர்வோரின் கேள்வி முதல் சில வாரங்கள் 4 பெட்டிகளாக இருந்து, பின்னர் 8 ஆகி, அதன் பின் மாறுவதேயில்லை. ஆயினும் பொருள் வந்துசேரத் தாமதமாவதால் ஒவ்வொருவரும் அச்சமுற்றுத் தேவைக்கு மேலாகக் கட்டளையிடுவர். தொழிற்சாலையை அடையும்போது அக்கட்டளை பன்மடங்காகப் பெருகியிருக்கும். சில வாரங்களின் பின் அதே களஞ்சியங்கள் விற்க முடியாத பொருட்களால் நிரம்பி வழியும்.

சாட்டையின் பிடியில் ஏற்படும் சிறு அசைவு நுனியில் பெரும் வீச்சாக மாறுவது போன்றதாகையால் இதனைச் சாட்டை விளைவு என்பர். இங்கு எவரும் தீயவர் அல்லர். எவரும் மூடரும் அல்லர். தகவல் பகிரப்படாமையே குற்றவாளி. பால்மா தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு பக்கற் தேவைப்பட்டவர் நான்கு வாங்கியதையும், கடைக்காரர் தமக்கு வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டு வைத்ததையும் நினைவுகூர்ந்தால் இப்பாடம் எளிதில் விளங்கும். பற்றாக்குறை உண்மையானதே, எமது அச்சம் அதனை மேலும் பெருப்பித்தது.

இதனோடு கேள்வியை எதிர்வுகூறல், இருப்பு மட்டத்தைத் தீர்மானித்தல், கொள்வனவு ஒப்பந்தங்கள், நிதிக் கணிப்பு, இடர் முகாமைத்துவம் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன. சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள 11 வர்த்தக நியதிகளை அறியாத இறக்குமதியாளர், கடலில் சேதமடைந்த பொருளின் நட்டம் தம்முடையதா விற்பனையாளருடையதா என்பதைப் பொருள் சேதமடைந்த பின்னரே அறிந்துகொள்வார். அந்த அறிவுக்கு அவர் செலுத்தும் விலை, பாடநெறிக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

எனினும் இப்பாடநெறிகளின் பெயரில் 'தலைமைத்துவம்' என்ற சொல் ஏன் இடம்பெறுகின்றது என்ற வினா எழலாம். விநியோகச் சங்கிலியில் பணிபுரிபவர் தமது அதிகாரத்துக்கு உட்படாத மனிதர்களையே பெரும்பாலும் நம்பியிருக்கின்றார். விவசாயி அவரது ஊழியர் அல்லர். லொறிச் சாரதியும் அல்லர். சுங்க உத்தியோகத்தரும் அல்லர். அவர்களுக்குக் கட்டளையிட முடியாது. இணங்கச் செய்யவே முடியும்.

எமது நாட்டிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. இலங்கையில் மரக்கறி, பழ வகைகளில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின்னர் வீணாவதாக நீண்டகாலமாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. சாக்குகளில் திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றுவது இதற்கொரு முக்கிய காரணம். இதனைத் தடுப்பதற்காக, பிளாஸ்டிக் கூடைகளிலேயே அவற்றை எடுத்துச் செல்லவேண்டும் என்ற விதி 2011 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழில்நுட்ப ரீதியில் அது சரியான தீர்வே. ஆனால் தம்புள்ளையிலும் பிற இடங்களிலும் விவசாயிகளும் வியாபாரிகளும் கடுமையாக எதிர்த்தனர். கூடையை விலைகொடுத்து வாங்குவது யார்? வெற்றுக் கூடைகள் எவ்வாறு திரும்பி வரும்? ஒரு லொறியில் ஏற்றும் நிறை குறையும்போது அந்த நட்டத்தை ஏற்பது யார்? இக்கேள்விகளுக்குச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஒருங்கே அமர்த்தி முன்கூட்டியே விடை காணப்படவில்லை. ஈற்றில் விதியைத் தளர்த்த நேர்ந்தது. சரியான விடையை அறிந்திருப்பது முகாமைத்துவம். அதனைப் பலரும் தமது விடையாக ஏற்கச் செய்வதே தலைமைத்துவம்.

அடுத்து, இக்கல்வி எதனைக் கோருகின்றது என்பதை நோக்குவோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டத்திலும், பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டத்திலும், பாடநெறி வழியான முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டத்திலும் அமைகின்றன. 9ஆம் மட்டத்துக்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகளும் 10ஆம் மட்டத்துக்கு 60 திறமைப் புள்ளிகளும் தேவை. ஒரு புள்ளி என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை யாவும் உள்ளிட்ட 50 மணித்தியாலக் கற்றலுக்குச் சமமாகக் கொள்ளப்படுகின்றது. அதாவது 30 புள்ளிகளென்பது 1500 மணித்தியாலங்கள். அதனை இரண்டு ஆண்டுகளில் நிறைவுசெய்ய விரும்புபவர் வாரந்தோறும் ஏறத்தாழ 14 மணித்தியாலங்களை ஒதுக்கவேண்டும். 60 புள்ளிகளாயின் அது ஏறத்தாழ 29 மணித்தியாலங்களாகும்.

'வாரஇறுதி வகுப்பு மாத்திரமே' என்ற விளம்பர வாசகத்தை நம்பிச் சேர்பவர்கள் இடைநடுவில் விலகுவதற்கு இக்கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாராமையே காரணமாகின்றது. இந்த மணித்தியாலங்கள் வானத்திலிருந்து வருவனவல்ல. பிள்ளைகளுடன் செலவிடும் மாலையிலிருந்தும், வாழ்க்கைத் துணையின் ஓய்விலிருந்தும், பெற்றோரைப் பார்க்கச் செல்லும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துமே அவை எடுக்கப்படுகின்றன. ஆகவே இது தனியொருவரின் தீர்மானமன்று, குடும்பத்தின் தீர்மானமாகும். வீட்டிலுள்ளோருடன் அமர்ந்து பேசி, எந்த நாட்கள் படிப்புக்குரியவை என முடிவு செய்த பின்னரே விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது உசிதம்.

பணம் செலுத்துவதற்கு முன்னர் சில விடயங்களை எழுத்தில் கேட்டறிய வேண்டும். பட்டத்தை வழங்குவது எந்த நிறுவனம்? அது எந்த மட்டத்துக்குரியது? உள்நாட்டுத் தனியார் நிறுவனமாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தை வழங்க அதற்கு அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை அங்கீகரிக்கின்றதா? பரீட்சைக் கட்டணம், மீள்தோற்றல் கட்டணம், ஆய்வு மேற்பார்வைக் கட்டணம் ஆகியன மொத்தத் தொகையில் அடங்குமா? நோய், மகப்பேறு, இடமாற்றம் காரணமாக ஒரு தவணை நிறுத்த நேரிட்டால் என்னவாகும்? தொழில் வழங்குநர் கட்டணத்தின் ஒரு பகுதியை ஏற்பதாயின், அதற்குப் பதிலாக எத்தனை ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டுமென ஒப்பந்தம் கூறுகின்றது? கையொப்பமிட்ட பின்னர் கேட்பதைவிட முன்னர் கேட்பதே அறிவுடைமை.

பட்டமில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. 1919இல் ஆரம்பமான பட்டயப் போக்குவரத்து, தளவாட நிறுவகம், 1932ஆம் ஆண்டு முதல் தன் வரலாற்றைக் கணிக்கும் பட்டயக் கொள்வனவு, வழங்கல் நிறுவகம் போன்ற தொழில்வாண்மை அமைப்புகளின் பரீட்சைகள் படிப்படியாக மேலேறும் வழியைத் திறந்து வைத்துள்ளன. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 2015இல் அறிவித்த இணையவழி விநியோகச் சங்கிலிப் பாடநெறித் தொகுதியும் உண்டு. பெருந்தொகையைச் செலவிடுமுன், இத்துறை தமக்கு ஏற்றதா என்பதைச் சோதித்துப் பார்க்க இத்தகைய ஓர் அறிமுகப் பாடநெறி உதவும்.

இவ்விடத்தில் எமது பிரதேசங்களின் குறையையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போக்குவரத்து, தளவாடத் துறையைப் பட்டப்படிப்பாகக் கற்பிப்பதுடன் பணியிலிருப்போருக்கான பட்டப்பின் கல்வியையும் வழங்குகின்றது. ஆனால் யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ பணிபுரியும் ஒருவர் வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறிச் சனி காலை கொழும்பு வகுப்பறையில் அமர்ந்து, ஞாயிறு இரவு மீண்டும் பஸ்ஸில் ஏறித் திங்கள் காலை கடமைக்குச் செல்வதென்பது இரண்டு ஆண்டுகள் தாங்கக்கூடிய வாழ்க்கையன்று. பெண்களுக்கு அது மேலும் கடினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவம், வணிகம் சார்ந்த பீடங்கள் உண்டு. மன்னார் மீன், யாழ்ப்பாணத்து வெங்காயம், அம்பாறை நெல், திருகோணமலைத் துறைமுகம் என ஆய்வுக்குரிய சங்கிலிகள் அவற்றின் வாசலிலேயே உள்ளன. இப்பீடங்கள் கொழும்பு, மொறட்டுவை விரிவுரையாளர்களின் ஒத்துழைப்புடன் இத்துறையிலான பட்டப்பின் டிப்ளோமாவையேனும் ஆரம்பிப்பது குறித்துச் சிந்திக்க வேண்டும். நேரசூசியை வகுக்கும்போது ஜும்ஆத் தொழுகையையும் நோன்புக் காலத்தையும் கருத்திற் கொள்ளல் எளிதே.

மொழிப் பிரச்சினையையும் மறைப்பதற்கில்லை. கப்பற் பத்திரங்களும் ஒப்பந்தங்களும் ஆங்கிலத்திலேயே அமைவதால் ஆங்கிலமூலக் கல்வி தவிர்க்கவியலாதது. ஆனால் க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் பயின்று, ஆற்றலும் அனுபவமும் மிக்க ஒருவர் மொழியின் பொருட்டுப் பின்வாங்குவது சமூகத்துக்கே இழப்பாகும். வர்த்தக சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் மூன்று அல்லது ஆறு மாத கால ஆங்கில, புள்ளிவிபர ஆயத்த வகுப்புகளை நடத்த முன்வருமாயின் அது பெரும் தொண்டாக அமையும்.

இறுதியாக ஒன்று. பட்டம் கிடைத்தவுடன் பதவியுயர்வு தானாக வந்து சேரும் என எண்ணிப் படிப்பவர் ஏமாற்றமடைய இடமுண்டு. மாறாக, தமது களஞ்சியத்தில் காலாவதியாகும் மருந்தையோ, தாமதமாகும் கொள்கலனையோ, வீணாகும் மரக்கறியையோ ஆய்வுப் பொருளாக எடுத்து, படிக்கும் காலத்திலேயே அதனைக் குறைத்துக் காட்டுபவரின் கல்வி முதல் ஆண்டிலேயே பலன் தரத் தொடங்கிவிடும். பகுதிநேரக் கல்விக்கு முழுநேரக் கல்வியைவிட உள்ள சிறப்பும் இதுவே: சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை செய்து பார்க்கலாம். வரிசையில் நின்று பழகிய எமது சமூகங்களிலிருந்து, அவ்வரிசைகளே உருவாகாமற் செய்யும் ஆற்றல் பெற்றோர் உருவாக வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.