சர்வீஸ் முடிந்து வந்த காரில் 'டக் டக்' சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் பக்கம் கல் குவாரிகள் அதிகம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓடும் சாலையில் கார் ஓட்டுபவர்களுக்குப் பஞ்சர் கடையும் மெக்கானிக் ஷெட்டும் பழகிப்போன இடங்கள். பஞ்சர், பிரேக், அலைன்மென்ட் என எந்த வேலையாக இருந்தாலும் முதலில் கழற்றுவது சக்கரத்தைத்தான். திரும்ப மாட்டும்போது நட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டால்?

கார் உடனே நின்றுவிடாது, அதுதான் ஆபத்து. ஷெட்டிலிருந்து வீடு வரை ஒழுங்காகவே ஓடும். மறுநாள் குடும்பத்தோடு செங்கல்பட்டு போகும் வழியில் சக்கரம் ஆட ஆரம்பிக்கும்.

நட்டு ஏன் லூஸ் ஆகிறது?

முடுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவில் ஸ்பிரிங் போல இழுபடுகிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை அச்சோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. இடையில் துருவோ மண்ணோ இருந்தால், கார் ஓட ஓட அது நசுங்கி இடைவெளி உண்டாகும், பிடிப்பும் குறையும்.

அளவுக்கு மீறி முடுக்குவதும் தப்பு. காற்றழுத்த 'கன்' வைத்துக் கண்டபடி முடுக்கினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு பலவீனமாகிவிடும்.

சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை டார்க் சொல்லப்படுகிறது. உங்கள் காருக்கான சரியான அளவு, காருடன் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்பது, ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை. இதைத் துல்லியமாக அளந்து முடுக்க 'டார்க் ரென்ச்' இருக்கிறது. கடைசி முடுக்கு அதில்தான் இருக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்.

சத்தம் கேட்டால் என்ன செய்வது?

மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம், வேகம் கூடினால் தாளமும் கூடுவது, ஸ்டீயரிங் நடுங்குவது... இவைதான் எச்சரிக்கை மணி.

* சடாரென்று பிரேக் போடாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, சமதளமான ஓரத்தில் நிறுத்துங்கள்.

* ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரையும் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

* நட்டுகளை முதலில் போட்டோ, வீடியோ எடுங்கள். பிறகு டிக்கியில் இருக்கும் வீல் ஸ்பேனரால் முடுக்குங்கள். 4 நட்டு என்றால் எதிரெதிராக, 5 நட்டு என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக. ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்க வேண்டாம்.

* போல்ட் உடைந்திருந்தாலோ, சக்கரத்தின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

* முடுக்கிவிட்டாலும் மெதுவாக அருகிலுள்ள ஷெட்டுக்குப் போய் நான்கு சக்கரங்களையும் பார்த்துவிடுங்கள்.

விமானத்திலும் நடந்தது!

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 17,000 அடிக்கு மேல் விமானி அறையின் கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

காரணம் என்ன? முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. மாட்டிய 90 போல்ட்டுகளில் 84, தேவையான தடிமனைவிடச் சற்றே மெலிந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்ததில் வந்த பிசகு. வேலையை இன்னொருவர் சரிபார்க்கவில்லை.

விமானத்துக்கே இரண்டாவது ஆள் தேவைப்படும்போது, உங்கள் காருக்கு அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான். சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள், டயர் சூடு ஆறியிருக்கும்போது, நட்டுகளை மறுபடி பாருங்கள். சாலவாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஓரிரு முறை போய்வந்தாலே அந்தத் தூரம் ஓடிவிடும். ஆயில் மாற்றியிருந்தால், மறுநாள் காலை காருக்கு அடியில் சொட்டு விழுந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஆயில் சம்ப்பின் போல்ட் லூஸாக இருந்தால் தரை காட்டிக்கொடுத்துவிடும்.

ஷெட்டின் தவறு என்றால்?

காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 'சேவைக் குறைபாடு'. முதலில் பில், போட்டோவுடன் கடைக்காரரிடம் பேசுங்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் பில்தான். 'பில் எதுக்கு சார், நம்ம கடைதானே' என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீண்ட தூரம் ஓட்டும் லாரி டிரைவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டீக்கடையில் நிறுத்தினால், கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலைதான். காரில் குழந்தைகள் ஏறும் முன் நாமும் ஒரு சுற்று வந்தால் என்ன?